அம்மாயி வீட்டு லட்சுமி படமும் கிளிமானூர்க்காரரும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அம்மாயி வீட்டைப் பிரித்துக் கட்டப்போகிறார்கள். பூஜையறையிலிருந்து இறக்கிய பழைய லட்சுமி படம் ஒன்று இருக்கிறது. "இது ரவிவர்மா கையால வரைஞ்சது, கோடி ரூபா போகும்" என்று மாமா சொல்கிறாராம். நிஜமா, அந்த ரவிவர்மா யார், ராஜாவா ஓவியரா என்று தம்பி கேட்டிருக்கிறார். நான் முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு பழைய படங்களுக்குச் சட்டம் மாற்றுவதும் பூஞ்சை துடைப்பதுமாகப் பொழுது போகிறது. இதே கேள்வியோடு வருஷத்துக்கு ஏழெட்டுப் பேர் வருகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பணக் கணக்கு. நீங்கள் அனுப்பிய போட்டோவில் இருப்பது கையால் வரைந்த ஓவியம் இல்லை, அச்சுப்படம். ரவிவர்மா கைப்பட வரைந்த எண்ணெய்ச்சாய ஓவியங்களில் ஒன்று, யசோதையும் கிருஷ்ணனும் இருப்பது, 2023இல் மும்பை ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்குப் போனது. மாமா அந்தச் செய்தியைத்தான் கேட்டிருக்க வேண்டும். அச்சுப்படத்தின் விலை ஆயிரங்களில் தொடங்கும் பேச்சு, கோடியில் இல்லை. அதற்காகப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த அச்சகத்துப் படம் என்று பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும்.

எப்படிப் பார்ப்பது? உங்கள் தெருவிலேயே கொலுசுப் பட்டறைகள் இருக்கின்றன. பற்று வைக்கிற ஆசாரி கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சின்ன லென்ஸை அரை மணி நேரத்துக்கு இரவல் கேளுங்கள். நான் முதன்முதலில் அப்படித்தான் பார்த்தேன். லட்சுமியின் கன்னத்தில் லென்ஸை வைத்தேன், கன்னம் காணாமல் போய்விட்டது. ரோஸ், மஞ்சள், வெளிர்நீலம் என்று புள்ளிகள் மட்டும்தான். வரிசை இல்லை, அளவு இல்லை, யாரோ உட்கார்ந்து பேனா முனையால் குத்திக் குத்தி வைத்த மாதிரி இருந்தது. நிஜத்திலும் அப்படித்தான் வைத்தார்கள். அது கல்லச்சு. உங்கள் படத்திலும் புள்ளிகள் இப்படித் தாறுமாறாக இருந்தால் பழைய சரக்கு. துணி நெய்த மாதிரி ஒழுங்கான வரிசையில் இருந்தால் ஆஃப்செட்டில் அடித்த பிற்காலத்துப் படம். சேலத்து வீடுகளில் மாட்டியிருக்கும் லட்சுமிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது ரகம், சிவகாசியில் அடித்தவை. கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து கொடுத்தவை அவற்றில் ஏராளம். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர் அவர். அவரும் சாதாரண ஆள் இல்லை, ஆனால் அது வேறு கதை.

படத்தின் அடியில் வெள்ளை ஓரம் இருந்தால் அங்கே 'ரவிவர்மா பிரஸ், கார்லா' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து இருக்கும். இருக்கும் என்று சொல்கிறேனே தவிர, பாதிப் படங்களில் இருக்காது. சட்டம் போடுகிறவர்கள் அளவுக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை நறுக்கிவிடுவார்கள். ஆரம்பத்தில் நானும் நறுக்கியிருக்கிறேன்.

இனி ஆள் யார் என்பதற்கு வருகிறேன்.

ரவிவர்மா பிறந்தது 1848 ஏப்ரல் 29, திருவிதாங்கூரில் கிளிமானூரில். ராஜா இல்லை. திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு கொண்டு கொடுத்து உறவு வைத்துக்கொண்ட கோயில் தம்புரான் வகையறா. பெயருக்கு முன்னால் 'ராஜா' ஒட்டிக்கொண்டது கடைசிக் காலத்தில். 1904இல் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தபோது வெள்ளைக்கார அரசாங்கம் அப்படிக் குறிப்பிட்டது. அன்றைய திருவிதாங்கூர் மகாராஜாவான ஸ்ரீமூலம் திருநாளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரே ஊரில் இரண்டு ராஜாவா என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

சின்ன வயதில் வீட்டுச் சுவரெல்லாம் கரிக்கட்டியால் கிறுக்கிய பையன். அடி வாங்கியிருக்க வேண்டியவன். தாய்மாமன் ராஜராஜ வர்மா தானே ஒரு ஓவியர் என்பதால் தப்பித்தான். இங்கே நம் பக்கத்து ஆட்கள் உள்ளே வருகிறார்கள், கேரளத்துக் கதையாகவே சொல்லிப் பழகியதில் இது மறந்துபோகிறது. அந்தத் தாய்மாமன் கற்றுக்கொண்டது மதுரையிலிருந்து சுவாதித் திருநாள் அரண்மனைக்குப் போன அழகிரி நாயுடுவிடம். தஞ்சாவூர்ப் பட பாணியும் மாமனுக்குக் கை வந்தது. பதினாலு வயதில் பையனை அவர் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போய் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் பார்வையில் வைத்தார்.

அரண்மனையில் ராமசாமி நாயக்கர் என்று ஒரு தமிழ் ஓவியர். எண்ணெய்ச்சாயம் தெரிந்தவர், அந்தக் காலத்தில் அது பெரிய ரகசியம். எந்த எண்ணெயில் எதைக் குழைப்பது, ஒரு பூச்சு காய எத்தனை நாள் விடுவது, எதன் மேல் எதை ஏற்றுவது என்பதையெல்லாம் பார்த்துப் பழகாமல் பிடிக்க முடியாது. நாயக்கர் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை இரவு நேரங்களில் வந்து ரவிவர்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவைப் படம் எழுத வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை, வரையும்போது நின்று பார்த்துக்கொள்ள மட்டும் விட்டார். பார்த்ததை அறையில் வந்து தானே போட்டுப் பார்ப்பான் பையன். சேலத்தில் நல்ல ஆசாரிகள் பல பேர் தொழில் கற்ற விதம் இதுதான். உலைக்குப் பக்கத்தில் நிற்க விடுவார்கள், கையில் கொடுக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் ரவிவர்மாவின் முழு வாழ்க்கையையும் இந்த இடத்திலிருந்துதான் படிக்க வேண்டும். எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்ததை ஓரமாக நின்று கற்றுக்கொண்ட ஆள், பிற்காலத்தில் தன் படங்களைப் பொத்தி வைக்காமல் அச்சடித்துத் தெருவுக்கு விட்டார். அதில் கையையும் சுட்டுக்கொண்டார்.

1866இல் மாவேலிக்கரை அரண்மனையில் கல்யாணம். 1870இல் கொல்லூர் மூகாம்பிகை கோயிலில் 41 நாள் விரதம் இருந்து, திரும்பும் வழியில் கோழிக்கோட்டில் ஒரு நீதிபதியின் குடும்பத்தை வரைந்து கொடுத்தார். கூலி வாங்கி வரைந்த முதல் படம் அது. தம்புரான் குடும்பத்து ஆள் காசு வாங்கிப் படம் போடுவதா என்ற முணுமுணுப்பு இருந்த காலம்.

பெயர் வெளியே வந்தது 1873இல். கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண் படத்துக்குச் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம், அதே படம் வியன்னா கண்காட்சியிலும் பரிசு வாங்கியது. அடுத்த வருஷம் சரபத் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் தமிழ்ப் பெண்ணை வரைந்து மறுபடியும் சென்னையில் தங்கம். அந்தப் படத்தை 1875இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். 1876இல் தாமரை இலையில் கடிதம் எழுதும் சகுந்தலையைச் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் வாங்கினார். மோனியர் வில்லியம்ஸின் சாகுந்தல மொழிபெயர்ப்புக்கு அதுவே முகப்புப் படமானது. 1878இல் அந்த கவர்னரையே உட்கார வைத்து வரைந்தார். முப்பது வயதுக்குள் இத்தனையும்.

அதற்கப்புறம் சமஸ்தானம் சமஸ்தானமாகப் பயணம். கூடவே தம்பி சி. ராஜராஜ வர்மா. ரவிவர்மாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தம்பியை ஓரங்கட்டிவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவரும் நல்ல ஓவியர், இயற்கைக் காட்சியில் தேர்ந்தவர். அண்ணன் படங்களில் முகத்துக்குப் பின்னால் தெரியும் மலை, குளம், வானம் பலவற்றில் இவர் கை உண்டு. கணக்கு வழக்கு, கடிதம், ரயில் ஏற்பாடு எல்லாம் இவர் பொறுப்பு. நாட்குறிப்பும் எழுதிவந்தார், இன்று அந்தப் பயணங்கள் நமக்குத் தெரிகின்றன என்றால் அதனால்தான்.

பரோடாவுக்கு 1881இல் கூட்டிப் போனவர் டி. மாதவராவ். கும்பகோணத்தில் பிறந்தவர், முதலில் திருவிதாங்கூரில் திவான், பிறகு இந்தூர், பரோடா. 1884இல் அவர் ரவிவர்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் படம் வேண்டும் என்று கேட்பவர்கள் ஏராளம், இரண்டு கைகளை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு வரைவீர்கள், சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராபாக, அதாவது எண்ணெய்ச்சாய ஓவியம் மாதிரியே தெரிகிற வண்ண அச்சாக, அடித்து வாங்குங்கள், உங்கள் பெயரும் பரவும், நாட்டுக்கும் சேவை என்பது சாரம். உங்கள் அம்மாயி வீட்டுப் படத்துக்கு விதை அந்தக் கடிதம்தான்.

பரோடா மகாராஜா சாயாஜிராவுக்காகப் புராணக் காட்சிகள் 14 வரைய ஒப்புக்கொண்டபோது அண்ணன் தம்பிக்கு ஒரு சிக்கல் வந்தது. தமயந்தி என்ன உடுத்தியிருப்பாள்? சீதைக்கு என்ன சேலை? ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துக் கடைசியில் சேலைக்கு வந்து நின்றார்கள். நம் கண்ணுக்கு இன்று தேவி என்றால் கரை வைத்த சேலையும் ரவிக்கையுமாகத் தெரிவதற்கு இந்த முடிவு பெரிய காரணம். பழைய கோயில் சிற்பத்தில் எந்த அம்மன் இப்படிச் சேலை கட்டியிருக்கிறாள்? அம்மாபேட்டை நெசவுக்காரர் ஒருவர் என் வீட்டில் சரஸ்வதி அச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலைமுறையாகத் தறி போட்டவர், முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில், "சார், இந்தக் கொசுவம் நம்ம ஊரு கட்டு இல்லைங்களே, மராட்டிப் பொம்பளைங்க கட்டுறதில்ல?" என்றார். கலைப் பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதிய விஷயம் அவருக்கு ஒரு நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது.

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் போயின, பத்திலும் பெண்கள். பரிசும் வந்தது. கணவர் வரும் திசையைக் குழந்தைக்குக் காட்டும் தாய், தெருவில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் நாடோடிக் குடும்பம் எல்லாம் அந்தப் பத்தில் சேர்த்தி. அந்த நாடோடிப் பெண்ணின் முகம் தேவி படங்களைவிட எனக்குப் பிடிக்கும், அதில் நகையில்லை, மேடை வெளிச்சமில்லை.

1894இல் பம்பாய் கிர்காமில் அச்சகம் தொடங்கினார். முதலில் வெளிவந்தது சகுந்தலை பிறப்பு. ஜெர்மன் இயந்திரம், ஜெர்மன் தொழில்நுட்பக்காரர்கள். வேலை நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் அந்தப் புள்ளிகள் புரியும். வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் பிசுக்கு மையால் வரைவார்கள். கல்லை நனைத்தால் பிசுக்கு உள்ள இடம் தண்ணீரை ஏற்காது, மையை மட்டும் பிடிக்கும். மற்ற இடம் ஈரத்தைப் பிடித்து மையைத் தள்ளிவிடும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். பத்துப் பதினைந்து நிறம் என்றால் அத்தனை கல், அத்தனை தடவை காகிதம் இயந்திரத்தில் ஏறி இறங்க வேண்டும். ஒரு தடவை மயிரிழை விலகினாலும் லட்சுமிக்கு உதடு இரண்டாகிவிடும். கடைசியில் வார்னிஷ் பூசி, சிலவற்றுக்கு கேன்வாஸ் துணி மாதிரி சொரசொரப்பும் அழுத்தி எடுப்பார்கள். உங்கள் படத்தைச் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பளபளப்பு தெரிகிறதா என்று பாருங்கள். ஆக, அந்த லட்சுமியின் வடிவம் ரவிவர்மாவுடையது, ஒவ்வொரு புள்ளியும் பெயர் தெரியாத கல் ஓவியர்களுடையது.

படம் விற்றது, ஆனால் அச்சகம் தேறவில்லை. பம்பாயில் பிளேக் வந்தது, கடன் ஏறியது. 1899இல் லோணாவளா பக்கம் மளவ்லிக்கு மாற்றினார்கள், கார்லா குகைகளுக்குப் பக்கம் என்பதால்தான் ஓரத்தில் கார்லா என்ற பெயர். அடுத்த சில வருஷங்களில் 89 படங்களின் அச்சு உரிமையோடு சேர்த்து 25,000 ரூபாய்க்கு அச்சகத்தைத் தன்னிடம் வேலை பார்த்த ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடமே கொடுத்துவிட்டார். ரவிவர்மாவுக்கு வரைய வந்தது, வியாபாரம் வரவில்லை. ஷ்லைஷருக்கு வந்தது. சோப்பு, குழந்தை மருந்து, தீப்பெட்டி என்று சாமி படங்களை விளம்பரமாகவும் காலண்டராகவும் மாற்றிப் பெருக்கினார். ரவிவர்மா பெயரில் இன்று கிடைக்கும் அச்சுகளில் கணிசமானவை அவர் கைவிட்ட பிறகு அடித்தவை. 1972இல் அந்த அச்சகம் தீயில் போனது.

அதே அச்சகத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர்தான் இந்திய சினிமாவின் முன்னோடி தாதாசாகேப் பால்கே. 1913இல் அரிச்சந்திரன் கதையைப் படமாக எடுத்தபோது அவர் கண்ணில் இருந்தது இந்த அச்சுகளின் உடையும் நிற்கும் தோரணையும். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் மிச்சமாக நிற்கிறதே, அங்கே டி.ஆர். சுந்தரம் புராணப் படம் எடுக்கத் தொடங்கிய 1930களில் தேவலோகம் என்றால் எப்படி இருக்கும் என்பது ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர்கள் வீட்டுச் சுவரில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

1905 தொடக்கத்தில் தம்பி ராஜராஜ வர்மா இறந்துபோனார். மைசூர் அரண்மனை வேலை கையில் இருந்த சமயம். அண்ணனுக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய். 1906 அக்டோபர் 2ஆம் தேதி கிளிமானூரிலேயே காலமானார், வயது 58.

செத்த பிறகு நல்ல வசவு வாங்கினார். கலை விமர்சகர் ஆனந்த குமாரசாமியும் வங்காளத்து ஓவியர்களும் இது இந்தியக் கலையே இல்லை, வெள்ளைக்காரன் பாணிக்குப் பூணூல் போட்ட மாதிரி என்கிற தோரணையில் எழுதினார்கள். நாடகத்தனம் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அவருடைய கடவுளர்கள் போட்டோவுக்கு நிற்பது போலத்தான் நிற்கிறார்கள். ஆனால் கோயிலுக்குள் நுழையவே விடாமல் வைத்திருந்த ஜனங்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர்! அவர்களும் சில அணா கொடுத்துச் சாமியை வீட்டுக்குக் கொண்டு வர முடிந்தது இந்த அச்சால். அந்தக் கணக்கை விமர்சகர்கள் போடவில்லை. 1979இல் நடுவண் அரசு அவருடைய ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவித்தது. மூலப் படங்களை நாட்டைவிட்டு வெளியே விற்க முடியாது.

மூல ஓவியங்களை நேரில் பார்க்க ஆசை என்றால், சேலத்திலிருந்து சௌகரியம் மைசூர். ஜெகன்மோகன் அரண்மனையில் பதினொரு பெண்கள் வாத்தியங்களோடு உட்கார்ந்திருக்கும் பெரிய படம் இருக்கிறது. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்துக் கலைக்கூடத்தில் முள் எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தொகுப்பிலும் சில உண்டு.

கடைசியாக உங்கள் படம். தயவுசெய்து ஈரத்துணியால் துடைக்காதீர்கள். தொழிலுக்குப் புதிதில் ஒருவர் வீட்டு முருகனை அப்படித் துடைத்து, வார்னிஷோடு மயிலின் கழுத்து நீலம் என் துணிக்கு வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது. அம்மாயி வைத்த குங்குமப் பொட்டு காகிதத்திலேயே ஒட்டியிருந்தால் சுரண்டாமல் விடுங்கள். சமிக்கியும் சரிகையும் தைத்து லட்சுமிக்குத் துணி உடுத்தியிருந்தால் இன்னும் ஜாக்கிரதை, அப்படி அலங்கரித்த படங்களைத் தேடுகிறவர்கள் தனியாக இருக்கிறார்கள். புது வீடு முடிகிற வரைக்கும் ஏற்காட்டில் இருக்கும் சித்தி வீட்டில் கொடுத்து வைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது மட்டும் வேண்டாம். மலையில் ஒரு மழைக்காலம் போதும், கண்ணாடிக்குள் ஈரம் இறங்கிப் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்த படங்களில் பாதிக்கு அந்த நோய்தான். கீழேயே, வெளிச்சுவர் இல்லாத உள்சுவரில், பின்னால் நாலு மூலையிலும் ரப்பர் குமிழ் வைத்துக் காற்று போகிற மாதிரி மாட்டுங்கள்.

சட்டத்தை நீங்களே பிரிப்பதாக இருந்தால் பின்பலகைக்கும் படத்துக்கும் நடுவில் பழைய செய்தித்தாளை மடித்து வைத்திருப்பார்கள், அதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த வருஷம் சட்டம் போட்டார்கள் என்பதற்கு அதுதான் தடயம். பலகையில் கரையான் மண் இருந்தால் பிரிக்காமல் அப்படியே என்னிடம் கொண்டு வாருங்கள். காலை வேளையாக இருக்கட்டும், லென்ஸுக்கு வெயில் வேண்டும்.